கொழுவை எதிர்க்கும் மண்: சமன்பாடா, துகள் மாதிரியா?

உளிக்கலப்பைக் கொழு ஒன்றுக்குச் சாய்வுக் கோணம் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. இரும்பை வெட்டி, வளைத்து, பற்றவைத்து முடித்தபின் இழுவிசை எக்கச்சக்கம் என்று தெரிந்தால் பாதி வேலை வீண். மண் தரும் எதிர்ப்பை முன்னதாகவே கணக்கிட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு வழிகள் இருந்தன. கடைசியில் எதைப் பிடித்துக்கொண்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய சமன்பாட்டு வழியை. அதுவும் மண்ணை உருண்டைகளாக்கிக் கணினியில் ஓட்டும் துகள் மாதிரியோடு சில மாதங்கள் மல்லுக்கட்டிய பிறகு.

எளிதானது அமெரிக்க வேளாண், உயிரியல் பொறியாளர் சங்கத்தின் டி497 தரவேட்டில் உள்ள சூத்திரம். கருவியின் வகை, மண்ணின் நயம் (களியா, மணலா என்பது), வேகம், ஆழம் ஆகியவற்றைக் கொடுத்தால் இழுவிசை கிடைத்துவிடும். 5 செ.மீ. அகல நேர்முனை உளிக்கொழு, களி மிகுந்த நுண்நய மண், மணிக்கு 6 கி.மீ. வேகம், 20 செ.மீ. ஆழம் என்று வைத்தால் ஒரு கொழுவுக்குச் சுமார் 2.5 கிலோநியூட்டன். ஆனால் இந்த வகைக்கு 50 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அந்த ஏடே சொல்கிறது. அதாவது 1.2 முதல் 3.7 வரை எதுவும் சரி! டிராக்டருக்கு ஏற்ற கலப்பையைத் தேர்ந்தெடுக்க இது போதும். கொழுவின் சாய்வுக் கோணம் அந்தச் சூத்திரத்தில் எங்குமே இல்லை என்பதால் எனக்கு உதவவில்லை.

எஃப்.இ.எம். எனப்படும் வரம்புறு கூறு முறையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மண்ணைத் தொடர்ச்சியான ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு, வலைப்பின்னல்போல் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும். மண் உடையத் தொடங்கும் கணம்வரை நன்றாகப் போகும். பிறகு வலைப்பின்னல் உருக்குலைந்து கணக்கு நின்றுவிடும். உழவு என்பதே மண்ணைப் பிளந்து புரட்டுவதுதானே. அதற்கும் மாற்று உத்திகள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

மிஞ்சியவை இரண்டு. முதலாவது, 1960-களில் ரீஸ் என்ற ஆய்வாளர் வடிவம் கொடுத்த மண்வெட்டுச் சமன்பாடும் அதன் வாரிசுகளும். கட்டட அடித்தளத்தின் தாங்குதிறனுக்கு மண் பொறியியல் முன்னோடி டெர்சாகி எழுதிய கணக்கின் அதே சாயல் இதில் இருக்கும். மண்ணின் எடை, மண் தன்னோடு தானே பிடித்துக்கொள்ளும் பிணைப்பு, இரும்போடு ஒட்டும் தன்மை, மேற்சுமை ஆகிய நான்கும் தனித்தனி உறுப்புகள். கொழுவுக்கு முன்னால் ஆப்பு வடிவில் ஒரு மண்கட்டி பெயர்கிறது. அதைப் பெயர்க்க எவ்வளவு விசை தேவை என்பதே கேள்வி. ஒடுங்கிய கொழுவுக்கு இதை முப்பரிமாணமாக விரித்த இரு வேலைகள், காட்வின்–ஸ்பூர் இணையுடையதும் மெக்கைஸ்–அலி இணையுடையதும், 1977-ஆம் ஆண்டே வந்தவை.

இரண்டாவது, டி.இ.எம். எனும் துகள் மாதிரி. கண்டல், ஸ்ட்ராக் இருவரும் 1979-இல் வெளியிட்டது. மண்ணைத் தனித்தனி உருண்டைகளாக்கி, ஒவ்வொரு மோதலையும் நொடியின் நுண்பங்குகளில் கணக்கிடும். திரையில் பார்த்தால் மயங்கிவிடுவோம். கொழு நகர்கிறது, மண் எழும்பிச் சரிகிறது, பின்னால் சால் திறக்கிறது. நானும் மயங்கியவன்தான்.

கணினி நேரம்தான் சிக்கல் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். 2 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழமுள்ள மண்தொட்டியை 1 செ.மீ. விட்டமுள்ள உருண்டைகளால் நிரப்பினாலே ஐந்தரை லட்சம் ஆகிவிடும். 0.1 மி.மீ. மணல் அளவுக்கு இறங்கினால் 55,000 கோடி. விட்டத்தைப் பாதியாக்கினால் துகள்கள் எட்டு மடங்கு, கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரப்படியும் பாதியாவதால் வேலை பதினாறு மடங்கு. ஆனால் காசு இருந்தால் கணினி வாங்கிவிடலாம். என்னை முடக்கியது அதுவல்ல.

மாதிரிக்குள் போடும் எண்கள் எங்கிருந்து வருகின்றன? கேள்வி அங்கேதான். சமன்பாட்டுக்கு வேண்டியவை அடர்த்தி, பிணைப்பு, உள் உராய்வுக் கோணம், இரும்போடு உராயும் கோணம், ஒட்டுதல் என ஐந்து. மண்ணை இரு பாதிப் பெட்டிகளில் வைத்து ஒன்றன்மேல் ஒன்றை நழுவவைக்கும் ஷியர் பாக்ஸ் ஒன்றிருந்தால் அநேகமாக ஒரே நாளில் அளந்துவிடலாம். கீழ்ப்பாதியில் மண்ணுக்குப் பதில் இரும்புத் தகடு வைத்தால் கடைசி இரண்டும் கைக்கு வந்துவிடும். துகள் மாதிரிக்கோ உருளும் உராய்வு, மோதியபின் எகிறும் மீள்திறன், பிணைப்பின் விறைப்பு, அது அறுபடும் வலிமை என்று ஒரு டஜனுக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவற்றை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது, ஏனென்றால் அந்த 1 செ.மீ. உருண்டை வயலில் இல்லவே இல்லை. மண்ணைக் குவித்துச் சரிவுக் கோணத்தைப் பார்த்து, மாதிரியிலும் அதே கோணம் வரும்வரை எண்களைத் திருகுவதுதான் வழக்கம். நானும் திருகினேன். இரண்டு வெவ்வேறு எண் தொகுப்புகள் ஒரே சரிவைத் தந்தன. அதே இரண்டையும் கொழுவுக்கு ஓட்டினால் இழுவிசை ஒன்றாக இல்லை. எதை நம்புவது? இழுவிசையை நேரடியாக அளக்கும் லோட் செல் காட்டிய அளவுக்கு ஏற்ப இன்னும் கொஞ்சம் திருகலாம்தான். விடையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடுவதற்குப் பெயர் முன்கணிப்பா?

இதில் இன்னொரு தலைவலி ஈரப்பதம். ஒரு மழை பெய்து காய்ந்தால் களிமண்ணின் பிணைப்பே வேறு. சமன்பாட்டில் அன்றைய மண்ணை மீண்டும் ஷியர் பாக்ஸில் வைத்து இரண்டு, மூன்று எண்களை மாற்றினால் முடிந்தது. துகள் மாதிரியில் திருகலை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சமன்பாடு எனக்குக் கொடுத்த வேறொரு வெகுமதி, காரணம் கண்ணுக்குத் தெரிவது. கிடைமட்டத்திலிருந்து அளக்கும் சாய்வுக் கோணத்தையும் இரும்பு–மண் உராய்வுக் கோணத்தையும் கூட்டினால் 90 பாகைக்குக் குறைவாக இருக்கும்வரை மண் கொழுவைக் கீழே இழுக்கும். தாண்டினால் மேலே தள்ளும். உராய்வுக் கோணம் 23 என்றால் எல்லை 67. கொழு ஏன் ஆழம் பிடிக்காமல் மேலே மிதக்கிறது என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில். எந்த அனிமேஷனும் இதை இவ்வளவு துலக்கமாகச் சொல்லவில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அடிப்படைச் சமன்பாட்டில் வேகமே கிடையாது. மண்ணை முடுக்கும் விசைக்குத் தனி உறுப்பு சேர்க்க வேண்டும். குறிப்பிட்ட ஆழத்தைத் தாண்டினால் மண் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நசுங்கும். காட்வினும் ஸ்பூரும் அதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த எல்லைக்குப் பக்கத்தில் என் விடைகளை நானே அரைமனதாகத்தான் நம்புகிறேன். பிசுபிசுத்த ஈரக் களியில் நான் செய்து பார்த்தது மிகக் குறைவு. அங்கே இந்தத் தீர்ப்பு மாறலாம். வளைந்த இறக்கை, அடுத்தடுத்து நிற்கும் கொழுக்களுக்கு இடையில் மண் அடைப்பது, வைக்கோல் மண்ணோடு கலப்பது போன்றவற்றுக்குச் சமன்பாட்டில் இடமே இல்லை. அங்கே துகள் மாதிரியை விட்டால் கதியில்லை.

அடுத்து என் மேசைக்கு வருவது மண்ணைப் புரட்டும் இறக்கைக் கலப்பை. அதற்குத் துகள் மாதிரியைத் திறந்துதான் ஆக வேண்டும். இந்த முறை திருகத் தொடங்குமுன் சரிவுக் கோணத்தை மட்டும் பார்க்கப்போவதில்லை. ஷியர் பாக்ஸ் சோதனையையும் துகள்களாலேயே ஓட்டி, இரண்டும் ஒருசேரப் பொருந்தும் எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளப்போகிறேன்.