ஐஎன்ஏ226 சிப்புக்கு எந்த டிரைவர்: ஹெச்டபிள்யூமானா, ஐஐஓவா, சொந்த ஸ்கிரிப்டா?

லினக்ஸ் போர்டில் மின்னோட்டம் அளக்க டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஐஎன்ஏ226 சிப்பைப் பலர் பயன்படுத்துகிறார்கள். இந்த ஒரு சிப்புக்கு லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இரண்டு டிரைவர்கள் இருக்கின்றன: ஒன்று ஹெச்டபிள்யூமான் (வன்பொருள் கண்காணிப்பு) பிரிவில், இன்னொன்று ஐஐஓ (தொழில்துறை சென்சார் அளவைகளுக்கானது) பிரிவில். இரண்டும் ஒரே சிப் பெயருக்குத்தான் உரிமை கோருகின்றன. எந்த டிரைவர் மாட்யூல் முதலில் ஏறுகிறதோ அதன் கைக்குச் சிப் போய்விடும். இரண்டையும் கட்டி வைத்தால், அளவுகளைப் படிக்க நேற்று இருந்த கோப்புகள் இன்றைய பூட்டில் காணாமல் போகலாம். எனவே முதல் வேலை, ஒன்றைத் தேர்ந்து மற்றதை மோட்ப்ரோப் பிளாக்லிஸ்டில் (தானாக ஏறக் கூடாத மாட்யூல்களின் பட்டியல்) போடுவது.

சர்வர், ரவுட்டர், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவற்றில் ஹெச்டபிள்யூமான்தான் சரி. மின்னழுத்தம் மில்லிவோல்ட்டில், மின்னோட்டம் மில்லிஆம்பியரில், திறன் மைக்ரோவாட்டில் என்று அலகுகள் வரையறுக்கப்பட்டவை. சிப்பை மாற்றினாலும் கண்காணிப்பு மென்பொருளைத் தொட வேண்டியதில்லை. பராமரிப்பவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது.

இன்னொரு நன்மையும் உண்டு. சிப்புக்கு மட்டும் மின்சாரம் போய்வந்தால் அதன் காலிப்ரேஷன் ரெஜிஸ்டர் (மின்னோட்டத்தைக் கணக்கிடும் அமைப்பு எண் இருக்கும் இடம்) பூஜ்யமாகிவிடும். மின்னழுத்தம் சரியாகக் காட்டும், மின்னோட்டமும் திறனும் மட்டும் பூஜ்யம். ஹெச்டபிள்யூமான் டிரைவர் இதைக் கண்டுபிடித்து, லாகில் எச்சரித்துவிட்டு, சிப்பை மறுபடி தயார்செய்துகொள்கிறது. சொந்த ஸ்கிரிப்டில் இதை எழுத யாருக்கும் தோன்றாது. லோடு நின்றுவிட்டது என்று நினைத்து வயரிங்கைத்தான் நோண்டுவார்கள்.

குறையும் இருக்கிறது. மின்னோட்டப் பாதையில் வைக்கும் சிறு மின்தடைக்கு ஷன்ட் என்று பெயர். அதன் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தைச் சிப் 2.5 மைக்ரோவோல்ட் படியில் அளக்கிறது. ஆனால் ஹெச்டபிள்யூமான் அதை முழு மில்லிவோல்ட்டாக்கிவிடுகிறது. 10 மில்லிஓம் ஷன்ட்டில் 1 மில்லிவோல்ட் என்றால் 100 மில்லிஆம்பியர். அந்தக் கோப்பை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், மின்னோட்டக் கோப்பையே படியுங்கள். அளவை இடைவெளியும் நினைத்தபடி அமையாது. சிப்பின் ஆரம்ப அமைப்பில் 1.1 மில்லிவினாடி வீதம் இரண்டு அளவைகள் (ஷன்ட், பஸ் எனப்படும் மின்வழங்கு அழுத்தம்), 16 முறை சராசரி: மொத்தம் 35 மில்லிவினாடி. இடைவெளிக் கோப்பில் 100 மில்லிவினாடி என்று எழுதிப் பாருங்கள், 141 என்று திரும்பி வரும். 16க்கு அடுத்த சராசரி 64தான், நடுவில் எதுவும் இல்லை.

மோட்டார் கிளம்பும்போது மின்னோட்டம் எப்படி எகிறுகிறது, ரேடியோ விழிக்கும்போது பேட்டரியிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்று அலைவடிவமாகப் பார்க்க வேண்டுமா? அப்போது ஐஐஓ. சிப் தரும் கச்சா எண்ணையும் அதைப் பெருக்க வேண்டிய ஸ்கேலையும் தனித்தனியாகத் தருவதால் 2.5 மைக்ரோவோல்ட் துல்லியம் வீணாவதில்லை. நேரமுத்திரையோடு பஃபரில் சேர்த்துத் தருகிறது. ஷன்ட்டுக்கும் பஸ்ஸுக்கும் அளவை நேரத்தைத் தனித்தனியாக அமைக்கலாம்.

வேகம் என்று வந்தால் மாட்டிக்கொள்வது சிப்பையும் போர்டையும் இணைக்கும் இரு கம்பி ஐ2சி இணைப்பில்தான். ஒரு ரெஜிஸ்டரைப் படிக்க 5 பைட், ஒப்புதல் பிட்டையும் சேர்த்து 45 பிட். 100 கிலோஹெர்ட்ஸில் இதற்கே சுமார் 0.45 மில்லிவினாடி, நான்கு ரெஜிஸ்டருக்கு 1.8. அளவை நேரத்தை 140 மைக்ரோவினாடிக்குக் குறைத்தும் தரவு வேகமாக வரவில்லை என்றால் காரணம் இதுவே. இணைப்பை 400 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள், தேவையில்லாத சேனல்களை அணைத்துவிடுங்கள். ஐஐஓவைத் தேர்ந்த பிறகு ஹெச்டபிள்யூமான் அளவுகளைக் காட்டும் சென்சார்ஸ் கட்டளையிலும் எண் தெரிய வேண்டுமானால் ஐஐஓ-ஹெச்டபிள்யூமான் என்ற பாலம் இருக்கிறது. டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன வன்பொருள் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரக் கோப்பு) சேனல்களைக் குறிப்பிட்டால் போதும்.

எதைத் தேர்ந்தாலும் ஷன்ட் மதிப்பை மறக்காதீர்கள். குறிப்பிடாவிட்டால் டிரைவர் 10 மில்லிஓம் என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் போர்டில் ஆர்100 என்று அச்சிட்ட 0.1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் மின்னோட்டம் பத்து மடங்காகத் தெரியும். டிவைஸ் ட்ரீயில் மைக்ரோஓமில் எழுத வேண்டும்: 100000.

சொந்த ஸ்கிரிப்ட் எழுதி, ஐ2சி-டெவ் வழியாக யூசர்ஸ்பேஸிலிருந்து (கெர்னலுக்கு வெளியிலிருந்து) நேரடியாகப் படிப்பது மேசைமேல் சோதனைக்கு மட்டும். ஐ2சி மேல் அமைந்த எஸ்எம்பஸ் முறையில் வேர்டு (இரண்டு பைட்) படித்தால் கீழ் பைட் முதலில் வரும் என்று கொள்ளப்படும். சிப்போ மேல் பைட்டை முதலில் அனுப்புகிறது. படிக்கு 1.25 மில்லிவோல்ட் என்பதால் 5 வோல்ட்டின் மதிப்பு 4000, ஹெக்ஸில் 0எஃப்ஏ0. பைட் இடம் மாறினால் ஏ00எஃப், அதாவது 40975, பெருக்கினால் 51.2 வோல்ட். ஏறத்தாழப் பத்து மடங்கு என்பதால் ஸ்கேல் தவறு என்று நினைத்து 10ஆல் வகுத்துவிடுவார்கள். 12 வோல்ட்டை இணைத்ததும் அந்தக் கணக்கு உடையும். மேலும், கெர்னல் டிரைவர் பிடித்திருக்கும் முகவரியில் 'பிஸி' பிழை வரும். அதை ஃபோர்ஸ் போட்டு மீறக் கூடாது. டிரைவர் எழுதிய அமைப்பை உங்கள் ஸ்கிரிப்ட் கலைத்துவிடும்.

கெர்னல் டிரைவரை நகலெடுத்துத் திருத்தி டிகேஎம்எஸ்ஸில் (கெர்னல் மாறும்போதெல்லாம் வெளி மாட்யூலை மறுபடி கம்பைல் செய்யும் கருவி) வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. அதற்குச் செலவு பின்னால் வரும். கெர்னலின் உள் இடைமுகங்களுக்கு நிலைத்தன்மை உறுதி கிடையாது. 2022 டிசம்பரில் வந்த 6.1இல் ஐ2சி டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் (சிப்பை விடுவிக்கும்போது ஓடுவது) எதையும் திருப்பித் தராததாக மாறியது. 2023இல் 6.3 வந்தபோது ப்ரோப் ஃபங்ஷன் (சிப்பை ஏற்கும்போது ஓடுவது) ஒரே ஆர்குமென்ட் எடுப்பதானது. கெர்னலுக்குள் இருந்த டிரைவர்களை, இடைமுகத்தை மாற்றியவர்களே திருத்திவிட்டார்கள். வெளியே இருந்த நகல்கள் கம்பைல் ஆகாமல் நின்றன. பத்து வரித் திருத்தமானாலும் ஹெச்டபிள்யூமான் அல்லது ஐஐஓ பராமரிப்பாளருக்குப் பேட்ச்சாக அனுப்புங்கள்.