தக்காளி பூக்கும் காலத்தில் கவாத்தும் இயற்கை உரமும்: சில பருவங்களின் அனுபவம்

தொட்டியில் தக்காளி வளர்ப்பவர்கள் பூ வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "இப்போ என்ன உரம் போடலாம்?" பல பருவங்களாக இயற்கை உரத்திலேயே வளர்த்துவரும் நான் சொல்வது: எதை நிறுத்தணும் என்று முதலில் பாருங்கள்.

நிறுத்த வேண்டியது மீன் அமிலம், அதாவது மீன் கழிவை வெல்லத்தோடு ஊறவைத்து எடுக்கும் கரைசல். இலையும் தண்டும் வளரும் பருவத்தில் அதற்கு ஈடே இல்லை. 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து தெளித்தால் வெளிறிக் கிடந்த இலைகூட பச்சை கட்டிவிடும். ஆனால் அதில் தழைச்சத்துதான் (நைட்ரஜன்) தூக்கல். முதல் பூங்கொத்து தெரிந்த பிறகும் அதையே கொடுத்துக்கொண்டிருந்தால் செடி மதமதவென்று வளரும், பூ குறையும், கொழுந்தில் அசுவினிப் பூச்சி அப்பிக்கொள்ளும். கடலைப் புண்ணாக்குக் கரைசலையும் அப்போது குறைத்துவிடுவேன்.

அதன்பிறகு நான் நம்புவது மண்புழு உரத்தைத்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டிக்கு இரண்டு கைப்பிடி, மேல்மண்ணைக் கிளறிப் போட்டு, காய்ந்த இலைதழையால் மூடாக்கு. கூடவே சாம்பல்சத்துக்காக (பொட்டாசியம்) விறகுச் சாம்பல், ஒரு ஸ்பூன் போதும். சாம்பல் காரத்தன்மை கொண்டது. உங்கள் மண் ஏற்கெனவே காரம் மிகுந்த களர் என்றால் அதைத் தொடவே வேண்டாம். கடல்பாசிச் சாறு மாலையில் தெளிப்பேன், அது கூடுதல் தெம்புக்கு.

கவாத்து, அதாவது வேண்டாத கிளைகளை நீக்குவது, செய்வதற்கு முன் ரகத்தைப் பாருங்கள். குட்டையாக நின்றுவிடும் ரகத்தில் பக்கக் கிளையைக் கிள்ளினால் காய்ப்புதான் குறையும். கொடிபோல ஏறிக்கொண்டே போகும் ரகத்துக்குத்தான் இது தேவை. இலைக்காம்பும் தண்டும் சேரும் கக்கத்தில் புதுத்துளிர் கிளம்பும். அது விரல் நீளம் ஆவதற்குள் கட்டைவிரலால் பக்கவாட்டில் சாய்த்தால் டக்கென்று உடைந்து வரும், கத்தி வேண்டாம். காலையில், இலை ஈரம் காய்ந்த பிறகு செய்தால் காயம் சீக்கிரம் ஆறும். முதல் பூங்கொத்துக்குக் கீழே மண்ணைத் தொடும் இலைகளையும் எடுத்துவிடுவேன். இலைக்கருகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் ஏறுகிறது. அதற்காக மொட்டையடிக்கக் கூடாது. காய்க்கு மேலே நிழல்தரும் இலை இல்லாவிட்டால் வெயிலில் காய் வெந்து வெளுத்துவிடும்.

காயின் அடி கறுத்தால், சுண்ணாம்புச்சத்துக் குறை என்று உடனே முட்டை ஓட்டைத் தேடி ஓடுகிறார்கள். ஓடு மண்ணில் மக்க வெகுகாலம் ஆகும். சுண்ணாம்புச்சத்து தண்ணீரோடுதான் செடிக்குள் ஏறுகிறது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் மண்ணில் அது இருந்தும் காய்க்குப் போய்ச்சேராது. தினமும் சீராகத் தண்ணீர் விடுங்கள், மூடாக்கைக் கலைக்காதீர்கள். அடுத்த கொத்தில் வித்தியாசம் தெரியும்.

அப்புறம், பூ உதிர்வது. பூக்காம்பின் நடுவில் சின்ன முட்டி ஒன்று இருக்கும், உற்றுப் பாருங்கள். அது மஞ்சளானால் அந்தப் பூ நிற்காது. அந்த நேரத்தில் உரத்தைக் கூட்டிப் பயனில்லை. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழக்கும், நிழல்வலை கட்டுங்கள். தக்காளிக்குத் தன் மகரந்தமே போதும், அதனால் காலையில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிட்டாலே பிஞ்சு பிடிப்பது நன்றாகக் கூடும். பருவம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது நுனியைக் கிள்ளிவிடுங்கள், இருக்கிற காய்கள் திரளட்டும்.