பிரீதர் ஹோஸ்: கீழே விடுவதா, கேட்ச் கேன் மாட்டுவதா, கம்பெனி வால்வே போதுமா?

ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் அடியில் கறுப்பாக ஆயில். டேப்பட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) ஓரத்தில் கசிவு. சில வண்டிகளில் டிப் ஸ்டிக்கே கொஞ்சம் மேலே எழும்பி நிற்கும். பழைய பெட்ரோல் காரோடு இந்தப் புகாரை எடுத்துப்போனால் வேலூரில் மூன்று விதமான யோசனை கிடைக்கிறது. "பிரீதர் ஓஸைக் கழட்டிக் கீழ உட்டுடலாண்ணா, காசே ஆவாது" என்பது ஒன்று; பிரீதர் ஹோஸ் என்பது இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாய். ஆன்லைனில் விற்கும் கேட்ச் கேனை, அதாவது அந்த வாயுவோடு வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பாவை, வாங்கி மாட்டுவது இரண்டாவது. கம்பெனி கொடுத்த பிசிவி வால்வையும் (அந்த வாயுவை இன்ஜினே திரும்ப உறிஞ்சிக்கொள்ள வைக்கும் வால்வு) ஹோஸ்களையும் புதிதாகப் போடுவது மூன்றாவது. நான் செய்தது மூன்றாவதை. என் சாய்வு அந்தப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிஸ்டன் ரிங் புதிதாகவே இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டி ஆயில் சேம்பர் பக்கம் இறங்கத்தான் செய்யும். இதைத்தான் பிளோ-பை என்கிறார்கள். போக வழியில்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கிராங்க் ஆயில் சீல், கேஸ்கெட் என்று பலவீனமான இடமாகப் பார்த்து ஆயிலை வெளியே தள்ளும். இதுவரை எல்லாரும் சொல்வதுதான். ஆனால் அழுத்தத்தை இறக்குவது பாதி வேலை. பிளோ-பையோடு வரும் நீராவியும் பெட்ரோல் ஆவியும் ஆயிலில் கலந்து தங்கிவிடாமல் துடைத்து எடுப்பது மறுபாதி. மூன்று வழிகளும் பிரிவது இந்த மறுபாதியில்தான்.

ஹோஸைக் கீழே தொங்கவிடுவது புதிதல்ல. 1950களின் கார்களில் இன்ஜினிலிருந்து ஒரு குழாய் தரையை நோக்கி இறங்கும். நுனி சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். வண்டி ஓடும்போது அடியில் போகும் காற்று அந்த நுனியில் உறிஞ்சலை உண்டாக்கும். ஆயில் மூடியில் இருக்கும் வலை வழியாக நல்ல காற்று உள்ளே வரும். வண்டி நின்றால் உறிஞ்சலும் நின்றுவிடும். புகைமூட்டத் தொல்லையால் கலிஃபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலேயே பிசிவி வந்துவிட்டது. கைவிட்ட அந்தப் பழைய முறைக்குத்தான் நாம் திரும்புகிறோம், அதையும் அரைகுறையாக. நுனியில் சாய்வு வெட்டு கிடையாது; நல்ல காற்று வந்த வழியிலும் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்த அறை மாதிரி, புழுக்கம் கொஞ்சம் கசியுமே தவிர காற்று ஓடாது.

போதாக்குறைக்குச் சொட்டும் ஆயில் சஸ்பென்ஷன் புஷ் ரப்பரில் விழும். சிக்னலில் நின்றால் ஏசி வழியாக வாடை உள்ளே வரும். பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) மாசு விதிகள்படி இந்த வாயுவை வெளியே விடவும் கூடாது. புகைச் சோதனையில் சைலன்சர் புகையை மட்டும் பார்ப்பதால் அது தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

இனி பிசிவி. டேப்பட் கவருக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) நடுவில் ஒரு சின்ன வால்வு. உள்ளே ஸ்பிரிங்கும் ஒரு முளையும். ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, மேனிஃபோல்டின் உறிஞ்சல் அதிகம். அது முளையை இழுத்து வழியைச் சுருக்கிவிடும், அதனால் ஐடில் கெடாது. சீரான வேகத்தில் போகும்போது உறிஞ்சல் குறைந்து வழி அகலும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் உறிஞ்சல் அநேகமாக இருக்காது, பிளோ-பையோ அதிகம். மிச்ச வாயு இன்னொரு ஹோஸ் வழியாக ஏர் ஃபில்டர் பக்கம் திரும்பும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆள் நிறைத்து ஏறிவந்த பிறகு ஃபில்டர் டப்பாவில் லேசான ஆயில் ஈரம் தெரிந்தால் பதற வேண்டாம் என்பது இதனால்தான்.

நம் ஊர் ஓட்டத்துக்கு முக்கியமானது அந்த ஐடில் உறிஞ்சல்தான். சத்துவாச்சாரியிலிருந்து கிரீன் சர்க்கிள் தாண்டிக் காட்பாடி வரை, நின்று நின்று போகும் குறுகிய ஓட்டம். ஆயில் முழுச் சூட்டுக்கு வருமுன் இன்ஜினை அணைத்துவிடுகிறோம்; நீராவி ஆயிலிலேயே தங்குகிறது. ஆயில் மூடியின் அடியில் ஒட்டியிருக்கும் மோர் நிறப் பசை அதுதான். மார்கழிக் காலையில் இன்னும் கூடும். நிற்கும்போதும் ஊரும்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும் ஏற்பாடு, மூன்றில் கம்பெனி அமைப்பில் மட்டும்தான் உறுதியாக இருக்கிறது.

பராமரிப்பும் சொற்பம். இன்ஜின் ஓடும்போது வால்வைக் கவரிலிருந்து உருவி, அதன் துளையில் கட்டைவிரலை வைத்தால் சுண்டி இழுக்க வேண்டும். கழற்றிக் காதருகே குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். சத்தமில்லாவிட்டால் முளை பசையில் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். மூடியபடி ஒட்டினால் கசிவு. திறந்தபடி ஒட்டினால் ஐடில் தடுமாறும், ஆயிலும் குறையும். கார்பரேட்டர் கிளீனர் அடித்தால் சில சமயம் உயிர் வரும். ஆனாலும் வால்வு ஒரு சாதாரண ஆயில் மாற்றும் செலவுக்குள் முடிகிற சாமான், புதிதே போட்டுவிடுவேன்.

வால்வைவிட ஏமாற்றுவது ஹோஸ். அக்னி நட்சத்திர வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்து ரப்பரை விறைக்க வைக்கும், வளைவில் வெடிப்பு விழும். அதற்காகத் தண்ணீர் டியூபை வெட்டிப் போட்டால், உறிஞ்சலில் அது தட்டையாக ஒட்டிக்கொண்டு வழியையே அடைக்கும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால் உருண்டையாக ஒழுங்காக இருக்கும். ஆயில் தாங்கும் நைட்ரைல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

கேட்ச் கேன் மோசமான சாமான் இல்லை. உள்ளே தடுப்பும் கம்பி வலையும் இருந்து, வாயுவை மறுபடி இன்டேக்குக்கே அனுப்பும் மூடிய வகையாக இருந்தால் ஆயில் துளியை நன்றாகவே பிடிக்கும். வெறும் டப்பா என்றால் ஒரு வாயில் போய் மறு வாயில் வந்துவிடும். அதை யார் காலி செய்வது என்பதுதான் என் தயக்கம். குறுகிய ஓட்டத்தில் தண்ணீரும் ஆயிலும் கலந்து சீக்கிரம் சேரும்; மறந்தால் ஒருநாள் மொத்தமும் இன்டேக்கில் போய்ச் சேரும். வெயில் காலத்திலோ கேனே சூடேறிக் கிடப்பதால் பிடிப்பது குறைகிறது. வாரம் ஒருமுறை பானட் திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு அது சரிப்படும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

டர்போ டீசலுக்கு இந்தத் தீர்ப்பை அப்படியே பொருத்த மாட்டேன். நான் வைத்து ஓட்டியது பெட்ரோல்தான். டீசலில் உறிஞ்சல் இப்படிக் கிடைக்காது. பிரீதர் டர்போவுக்கு முன்னால் போய்ச் சேர்கிறது, அந்த ஆயில் ஈஜிஆர் (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விடும் அமைப்பு) கரியோடு கலந்து இன்டேக்கில் தாராக உறைகிறது. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் புது இன்ஜின்களில் சிலிண்டரின் இன்டேக் வால்வைக் கழுவப் பெட்ரோல் வராததால் கரி படிகிறது. அங்கெல்லாம் கேனுக்கு நிஜமான வேலை இருக்கிறது. ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் தினம் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

எதற்கும் காசு செலவழிக்கும் முன், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேல் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். லேசாக உள்ளே இழுத்தால் பிசிவி வேலை செய்கிறது. வால்வும் ஹோஸும் புதிதாக இருந்தும் தாளைத் தள்ளிக்கொண்டு குபுகுபுவென்று புகை வந்தால், இந்த மூன்றில் எதையும் வாங்காமல் முதலில் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். போயிருப்பது ரிங்காக இருக்கலாம்.