எச்டாப்: பார்ப்பதற்கு அருமை, எஃப்9ஐத் தொடும்முன் கொஞ்சம் பொறுங்கள்

கணினியில் இப்போது என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாப் கட்டளை எல்லா லினக்ஸிலும் இருக்கிறதே, அதே வேலையைச் செய்யும் எச்டாப் எதற்கு? மேலும் கீழும் நகர்ந்து ஒரு பிராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) தேர்ந்தெடுத்து, அது யார் பெயரில் ஓடுகிறது, எது அதைத் தொடங்கியது, எந்தக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம் என்பதற்காகத்தான். ஹிஷாம் முகம்மது 2004இல் தொடங்கிய இலவச மென்பொருள் இது. 2020இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து வேறொரு குழு பராமரிக்கிறது.

முதல்முறை திறப்பவரைக் குழப்புவது ஒன்று உண்டு. ஒரே நிரல் இருபது வரிகளில் வரும், எல்லாவற்றிலும் ஒரே நினைவக அளவு இருக்கும். அவை தனித்தனி பிராசஸ்கள் அல்ல, ஒரே பிராசஸுக்குள் பிரிந்து ஓடும் திரெட்கள். ஷிஃப்ட்டுடன் எச் அழுத்தினால் மறைந்துவிடும். எச்டாப்பே இதைத் தொடக்கத்தில் மறைத்துத் தந்திருக்கலாம். சிபியு பத்தியில் 300% என்று வந்தாலும் பதற வேண்டாம், ஒரு கோருக்கு 100% என்பதே கணக்கு.

எஃப்9 அழுத்தினால், பிராசஸுக்கு 'நிறுத்து' என்பது போன்ற செய்திகளை அனுப்பும் சிக்னல்களின் பட்டியல் திறக்கும். முதலிலேயே தேர்வாகி நிற்பது, நிரலை முடித்துக்கொள்ளச் சொல்லும் 15. அதுதான் சரி: கோப்புகளை எழுதி முடித்து ஒழுங்காக வெளியேற நிரலுக்கு வாய்ப்பு கிடைக்கும். உடனே கொல்லும் 9 அந்த வாய்ப்பைத் தராது, பாதி எழுதிய கோப்பும் பூட்டுக் கோப்பும் அப்படியே கிடக்கும். ஆனால் இந்தக் கருவியில் உண்மையான ஆபத்து வேறு. பட்டியல் சிபியு அளவுப்படி மாறிக்கொண்டே இருக்கும், கர்சரோ அதே இடத்தில் நிற்கும். நீங்கள் குறிவைத்த பிராசஸ் நகர்ந்துபோய் வேறொன்று அங்கே வந்திருக்கும். முதலில் பெரிய எழுத்து எஃப் அழுத்துங்கள், கர்சர் அந்தப் பிராசஸையே பின்தொடரும். ஸ்பேஸ் பாரால் குறித்தவை திரைக்கு வெளியே போனாலும் குறி போகாது. எஃப்9 அத்தனை பேருக்கும் சேர்த்தே சிக்னல் அனுப்பும்.

9 அனுப்பியும் சாகவில்லையா? நிலைப் பத்தியைப் பாருங்கள். 'இசட்' என்றால் அது ஏற்கெனவே செத்துவிட்டது. அதன் பேரன்ட் பிராசஸ் இன்னும் கணக்கை முடிக்கவில்லை, அவ்வளவுதான். பேரன்ட்டை மறுதொடக்கம் செய்தால் மறையும். 'டி' என்றால் வட்டு அல்லது நெட்வொர்க் கோப்பு அமைப்பின் பதிலுக்காகக் கர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதிக்குள்) காத்திருக்கிறது. பதில் வரும்வரை பெரும்பாலும் 9கூட எடுபடாது. லினக்ஸில் இவையும் லோட் ஆவரேஜில் (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கையில்) சேரும். சிபியு சும்மா இருக்க லோட் மட்டும் ஏறினால் முதலில் இந்த 'டி'க்களைத் தேடுங்கள்.

எச்டாப்புக்கு முழு மதிப்பெண் தர வேண்டிய இடம் அனுமதிச் சிக்கல்கள். ஒரு சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) தன் அமைப்புக் கோப்பைப் படிக்க முடியாமல் தவிக்கிறது என்று வையுங்கள். யூசர் பத்தி அது எந்தப் பயனராக ஓடுகிறது என்று சொல்லும். நிர்வாகியான ரூட்டின் அதிகாரம் தரும் சுடோவுடன் திறந்து, சின்ன எழுத்து எஸ் அழுத்தினால், நிரல் கர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் ஓடும் (அது தனியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும்). எந்தக் கோப்பில் 'பெர்மிஷன் டினைட்' (அனுமதி மறுப்பு) என்று வருகிறது என்பது தெரிந்துவிடும். இந்த இடத்தில்தான் பலர் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போட்டுவிடுகிறார்கள். தேவையே இல்லை. கோப்பின் குரூப்பை அந்த சர்வீஸின் குரூப்பாக மாற்றி 640 வைத்தால் போதும்: உரிமையாளர் எழுதலாம், குரூப் படிக்கலாம், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அப்படியும் திறக்கவில்லை என்றால் பாதையில் உள்ள ஃபோல்டர்களைச் சோதியுங்கள். ஒன்றில் எக்ஸ் (உள்ளே நுழையும்) அனுமதி இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பது எட்டாது. பயனரைப் புதிதாகக் குரூப்பில் சேர்த்திருந்தால் சர்வீஸை மறுதொடக்கம் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸிடம் பழைய குரூப் பட்டியல்தான் இருக்கும்.

பிராசஸ் திறந்து வைத்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல் விசையும் உதவும். வட்டு நிறைந்திருக்கிறது, பெரிய லாக் கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லை என்றால், திறந்த கோப்புகளின் பட்டியலில் 'டிலீட்டட்' என்ற குறியோடு அது இன்னும் நிற்கும். அந்தப் பிராசஸ் மூடினால்தான் இடம் கிடைக்கும்.

எஃப்8 நைஸ் மதிப்பைக் கூட்டி முன்னுரிமையைக் குறைக்கும், எஃப்7 எதிர்மாறாக. சாதாரணப் பயனருக்கு எஃப்7 பொதுவாக வேலை செய்யாது, ரூட் வேண்டும்.

பெரிய குறை, வரலாறு இல்லை. இரவில் எது நினைவகத்தைத் தின்றது என்று காலையில் கேட்டால் இதனிடம் பதில் கிடையாது. அதற்கு ஏடாப் போன்ற பதிவு வைக்கும் கருவி தேவை. இன்னொன்று சின்ன எரிச்சல்: அமைப்புகளை வெளியேறும்போதுதான் எழுதும். எச்டாப் திறந்திருக்கையில் அமைப்புக் கோப்பைக் கையால் திருத்தினால் மூடும்போது அந்தத் திருத்தம் அழிந்துவிடலாம். சுடோ உங்கள் ஹோம் ஃபோல்டரையே பயன்படுத்தும் கணினியில் முதல்முறை சுடோவுடன் ஓட்டினால், அந்த அமைப்பு ஃபோல்டரும் கோப்பும் ரூட் பெயரில் உருவாகும். பிறகு நீங்கள் மாற்றும் எதுவும் சேமிக்கப்படாது. உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கட்டளையால் ஃபோல்டரோடு சேர்த்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.