எங்கள் பகுதி ரோஜா வளர்ப்போர் சங்கம்: ஓராண்டு அனுபவம்

தோவாளைச் சந்தையில் பூ குவிந்து கிடக்கும் மாவட்டத்தில் ரோஜா வளர்க்கச் சங்கம் எதற்கு என்று கேட்டவர்களுள் நானும் ஒருவன். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் குமரி மாவட்டத்தில் இலைகள் அடிக்கடி நனைந்தே இருப்பதால் கரும்புள்ளி நோய் எளிதில் பரவுகிறது என்பதும், மாலையில் இலைமீது தண்ணீர் தெளிக்கும் என் பழக்கம் அதற்குத் துணைபோனது என்பதும், நாகர்கோவிலை அடுத்து இயங்கும் இச்சங்கத்தில் சேர்ந்த பிறகே எனக்கு விளங்கின.

மாதக் கூட்டங்களில், கிளைகளை வெட்டிச் சீராக்கும் கவாத்துப் பயிற்சியே சிறந்தது. வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, கத்தரியைச் சாய்த்துப் பிடித்து வெட்டச் சொன்ன மூத்த உறுப்பினர், வெட்டுவாயின் நடுப்பகுதி பழுப்பாக இருந்ததைக் காட்டி, வெண்மை தெரியும்வரை இன்னும் இறக்கி வெட்டவைத்தார். பிறகு அதில், பூஞ்சை தாக்காமல் காக்கும் போர்டோ பசையையும் தடவினார். காட்டுரோஜாத் தண்டில் நல்ல ரகத்தை இணைக்கும் ஒட்டுக்கட்டும் வகுப்பும் பயனுள்ளதே.

கன்று விற்பனைதான் குறை. நான் வாங்கிய நான்கு கன்றுகளில் ஒன்றில், ஒட்டுக்கு மேலுள்ள தண்டு கருகி, கீழிருந்து காட்டுரோஜா தளிர்த்து வந்தது. மாற்றித் தரக் கேட்டதற்கு, அடுத்த கூட்டம்வரை காத்திருக்கச் சொன்னார்கள். (தேநீரும் பழம்பொரியும் மட்டும் ஒருபோதும் தவறியதில்லை.) மொட்டை மாடியில் தொட்டிகளில் வளர்ப்போர் தாராளமாகச் சேரலாம், கன்றை மட்டும் ஒட்டுப்பகுதியைப் பார்த்து வாங்குங்கள்.