ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் எல்டிஸ்பைஸ்: 6 வருஷ அனுபவம்

தண்டையார்பேட்டையில் மொட்டை மாடிப் பட்டறை. இன்வர்ட்டர், எல்ஈடி டிரைவர் ரிப்பேர், நடுவில் சின்னச் சின்ன சார்ஜர் போர்டுகளை நானே டிசைன் செய்வதும் உண்டு. போர்டு செய்வதற்கு முன் சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்க 6 வருஷமாக எல்டிஸ்பைஸ் (LTspice) சாஃப்ட்வேர்தான். காசு கிடையாது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். பார்க்க லட்சணமாக இருக்காது, அது பழகிவிடும்.

முதல் அடி டயோடில் விழுந்தது. 60 கிலோஹெர்ட்ஸ் சார்ஜர் ஒன்று; டயோடு படத்தை இழுத்துப் போட்டு, எந்த டயோடு என்று மாடல் பெயரே கொடுக்காமல் ஓட்டினேன். அலை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வந்தது. சரி என்று போர்டில் கையிலிருந்த 1என்4007-ஐ வைத்தால், ரெண்டு நிமிஷத்தில் வாடை கிளம்பிவிட்டது. பெயர் கொடுக்காத டயோடுக்கு ஸ்பைஸ் தன் பாட்டுக்கு டிடி (மூடும் நேரத்தைத் தீர்மானிப்பது), சிஜேஓ (டயோடின் கெபாசிட்டன்ஸ்), ஆர்எஸ் (உள் ரெசிஸ்டன்ஸ்) மூன்றையும் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும், அதாவது வோல்டேஜ் திரும்பிய கணமே மூடிக்கொள்ளும் டயோடு. 4007 மெயின்ஸின் 50 ஹெர்ட்ஸுக்கு வந்த சரக்கு. மூட மைக்ரோ செகண்ட் கணக்கில் நேரம் எடுக்கும், அதுவரை கரண்ட் பின்னால் ஓடும். 60 கிலோஹெர்ட்ஸில் முழுச் சுற்றே 17 மைக்ரோ செகண்டுக்குள் முடிந்துவிடுகிறது. சாஃப்ட்வேர்மேல் தப்பில்லை, என் சோம்பல்தான்.

அப்புறம் சூடு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஸ்பைஸ் 27 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும். மே மாச மத்தியானம் என் கூரைக்கு அடியில் வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும் 27 எங்கே என்று! இப்போதெல்லாம் 27, 50, 75 என்று மூன்று முறை ஓட்டாமல் போர்டு அடிப்பதில்லை. ஒருமுறை நெட்டிலிருந்து இறக்கிய மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) மாடலில் சூட்டை எவ்வளவு ஏற்றினாலும் கோடு அசையவே இல்லை. ஃபைலை நோட்பேடில் திறந்தேன், உள்ளே டிரெய்ன் ரெசிஸ்டருக்கு டிசி1, அதாவது சூட்டோடு ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு ஏறும் என்ற எண், போடவே இல்லை. டேட்டாஷீட் கிராஃபில் 125 டிகிரிக்கு ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 1.7 மடங்கு, அதனால் டிகிரிக்கு 0.007 என்று நானே எழுதிச் சேர்த்தேன். ஹீட்சிங்கைப் பெரிதாக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் திரையிலேயே தெரிந்தது.

‘டைம் ஸ்டெப் டூ ஸ்மால்’ என்று எரர் வந்து ஓட்டம் நின்றால் பதறாதீர்கள், முக்கால்வாசி நேரம் கெபாசிட்டருக்கு சீரிஸில் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் கொடுத்தால் போதும்.

போன மாசம் வேலைக்குச் சேர்ந்த பையன், “அண்ணே, 10 மெகாஓம் போட்டேன், ஷார்ட் காட்டுதுண்ணே” என்று வந்து நின்றான். 10எம் (10M) என்று அடித்திருக்கிறான். ஸ்பைஸில் எம் என்றால் மில்லி, பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ ஒன்றுதான். மெகாவுக்கு மெக் (MEG) என்று மூன்றெழுத்து அடிக்க வேண்டும். சிரித்தேன், ஆனால் திட்டவில்லை. இதே எம்மில் நான் ஒரு ராத்திரி முழுக்க முழித்திருக்கிறேன்.