பழைய கடைவீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பா, அக்ரிலிக்கா?

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜார்ஜ்டவுனில், இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய கடைவீட்டுக்கு (கீழே கடை, மேலே வீடு) சாயம் அடிக்க நினைப்பவர்கள் முதலில் கையில் எடுப்பது வண்ண அட்டையை. அதற்கு முன்பு சுவரைப் பார்க்க வேண்டும். எந்த வகைச் சாயம் அந்தச் சுவருக்கு ஒத்துவரும் என்று தெரிந்த பிறகுதான் என்ன நிறம் என்ற பேச்சே.

இந்த வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். பெரும்பாலானவற்றில் ஈரத்தடுப்பு கிடையாது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும். அது வெளிப்பூச்சு வழியாக ஆவியாகிப் போயாக வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் வெளிப்புற அக்ரிலிக் சாயம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. கடை முகப்பில் கூரையுடன் ஓடும் ஐந்தடி நடைபாதையில் நின்று முழங்கால் உயரத்தில் பாருங்கள்: சாயம் அப்பளம் போல உப்பியிருக்கும். விரலால் அழுத்தினால் உடைந்து, உள்ளே வெள்ளை உப்புத்தூளும் மாவாகிப்போன பூச்சும் கொட்டும். ரப்பர் போல நீளும் தடித்த சாயம் இன்னும் மோசம். சிமெண்டால் மறுபூச்சு போட்ட சுவர், பின்னாளில் கட்டிய கான்கிரீட் பகுதி ஆகியவற்றுக்கு அக்ரிலிக் நல்ல சாயம்தான். சுண்ணாம்புச் சுவருக்கு வேண்டாம்.

சுவரின் மேல் அடைப்பு இருக்கிறதா என்று அறிய ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும். உறிஞ்சிக் கறுத்தால் மேலே அடைப்பு இல்லை. முத்து முத்தாக நின்றால் பழைய அக்ரிலிக் படலம் இருக்கிறது. படலத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேல் சுண்ணாம்பு பூசினால் ஒட்டாது. மணல் பீய்ச்சும் இயந்திரத்தை மட்டும் அருகே விடாதீர்கள். செங்கல்லின் சுட்ட தோலும் சுதைப் பூ வேலையும் ஒரே நாளில் போய்விடும்.

எங்கள் தேர்வு சுண்ணாம்புப் பூச்சு. ஊறிய சுண்ணாம்புக் கூழ் ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு முதல் மூன்று பங்கு. வடிகட்டினால் பால் பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியாக அடித்தால் சீக்கிரம் முடியும் என்று நினைத்துத்தான் பலர் கெடுக்கிறார்கள். அது வெடித்துத் தூளாக உதிரும். சுவரை நனைத்து, நேர்வெயில் படாத நேரத்தில், நாளுக்கு ஒன்றாக நான்கைந்து மெல்லிய பூச்சு. வாளியைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிறத்தூள் அடியில் தங்கினால் சுவரில் பட்டை பட்டையாகத் தெரியும். பினாங்கில் மழை குறையும் ஜனவரி, பிப்ரவரி இதற்கு ஏற்ற காலம்.

நிறத்துக்கு இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் தூள்தான் நிலைக்கும்: காவி, மஞ்சள் மண், இரும்புத் துரு வகைச் சிவப்பும் பழுப்பும். பிரஷ்யன் நீலம் தாங்காது. தூள், காய்ந்த சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கையில் ஒட்டும். லீத் தெருவில் உள்ள சியோங் ஃபாட் ட்ஸே மாளிகையின் நீலம் சுண்ணாம்பில் அவுரி கலந்து வந்தது. அந்த ஆழமும் அசைவும் அட்டையில் இருக்கும் எந்த நீலத்திலும் வராது.

ஈரத்தில் பார்க்கும் நிறம் காய்ந்ததும் பல படி வெளுக்கும். அதனால் இரண்டடிக்கு இரண்டடியாக இரண்டு மாதிரி அடியுங்கள். ஒன்று வெயிலில், ஒன்று கூரை நிழலில். ஒரு வாரம் விட்டுக் காலை, உச்சிவெயில், மழை விட்ட நேரம் என்று பாருங்கள். மழையில் திட்டுத்திட்டாகக் கறுத்துப் பிறகு தெளிவது இந்தப் பூச்சின் இயல்பு. வீட்டின் பழைய நிறம் வேண்டுமானால், பெயர்ப்பலகைக்குப் பின்னாலோ விளிம்புச் சுதைக்கு அடியிலோ ஓர் அங்குலம் அடுக்கடுக்காகச் சுரண்டிப் பாருங்கள். அங்கே வெயில் படாத நிறம் காத்திருக்கும்.

சிலிக்கேட் சாயம் மூன்றாவது வழி. 1878இல் ஜெர்மனியில் கெய்ம் என்பவர் காப்புரிமை பெற்ற முறை. சுவரின் கனிமத்தோடு வேதியியல் முறையில் பிணையும், ஈர ஆவியையும் வெளியேற விடும், நிறமும் எளிதில் வெளுக்காது. விலை அதிகம், பழைய அக்ரிலிக் மேல் பிடிக்காது. கண்ணாடியிலும் நடைபாதைப் பூ ஓட்டிலும் தெறித்தால் அரித்துத் தழும்பாகும். எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் தூரிகையை எடுக்க வேண்டும்.

ஜன்னல் பலகைகளின் பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம், நனைத்துத் தேயுங்கள். ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த நகரம். அந்த எல்லைக்குள் வீடு இருந்தால் வாளியைத் திறக்கும் முன் மாநகர் மன்றத்திடம் கேட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் சுண்ணாம்பு, தூள் இரண்டின் எடையையும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி, ஒரு புட்டி தூளையும் எடுத்து வையுங்கள். சில ஆண்டுகளில் மறுபூச்சு போடும்போது அதே நிறம் கிடைக்கும்.